வேட்பாளரின் தாய்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் தக்சாயினியைக் கழுத்தில் மாலையோடு விட்டுவிட்டு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை நடந்த கட்சிக் கூட்டத்தில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் வென்று, மூன்றாவது முறையாக ஜெர்மனியின் மாநிலச் சட்டமன்றத் தேர்தலுக்கு வேட்பாளராகத் தெரிவானாள். எதிர்த்து நின்ற டீட்மார் எழும்பி அவளுக்கு வாழ்த்துச் சொன்னார். எங்கள் சனம் தட்டிய கைதட்டலில் அது ஒருவருக்கும் கேட்கவில்லை.

மாலையைக் கோயிலில் இருந்து கொண்டுவந்தவர் அவளுடைய அப்பா விமலநாதன். அந்த மண்டபத்தில் மாலை வேண்டாம் என்று மகள் முதல் நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவர் கேட்டால்தானே.

ஒரு வாக்கில் வென்றாலும் வெற்றிதான். ஆனால் அப்படி வென்றவர்கள் கொஞ்ச நாளைக்கு வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும். விமலநாதனால் அது முடிகிற காரியமா? திங்கள் காலை தொடக்கம் பாரிஸ், லண்டன், கனடா என்று ஒரு நாட்டையும் விடாமல் தொலைபேசி எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வுபெற்ற மனிதர். அவருடைய வாழ்க்கையில் பெருமை என்று சொல்ல இருந்தது இந்த மகள்தான். சொல்லட்டும் என்று விட்டுவிடுவோம்.

மகளுக்கும் இது சும்மா கிடைத்த இடம் இல்லை. பள்ளிக்கூடத்தில் மாணவர் பேரவை, பிறகு நகரசபை, பிறகு முப்பத்தோராவது வயதில் மாநிலத் தலைநகர் டுசல்டோர்ஃபில் சட்டமன்றம். ரூர் ஆற்றங்கரையில் இருக்கும் இந்தச் சின்ன நகரத்துக்காகப் பத்து வருடம் அங்கே பேசியிருக்கிறாள். பாலம் திருத்த வைத்தாள். மருத்துவத் தாதிகளுக்குப் பயிற்சி நிலையம் கொண்டுவந்தாள். ஆனால் போன வருடம் இந்த ஊர் மருத்துவமனையின் பிள்ளைப்பேற்றுப் பிரிவை மூடும் திட்டம் வந்தபோது, கட்சி சொன்னபடி ஆதரவாகக் கையைத் தூக்கினாள். ஊர் அதை மறக்கவில்லை. டீட்மார் போட்டிக்கு நின்றதும் அதனால்தான்.

இன்னொரு விஷயமும் நமக்குத் தெரியும், வீட்டில் தெரியாது. இரண்டு மாதத்துக்கு முன் அவளுடைய அலுவலகக் கண்ணாடி உடைந்தது. பிள்ளைகள் பந்தடித்து உடைத்தது என்று அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அது பந்து இல்லை, ஒரு கடதாசி சுற்றிய கல். கடதாசியில் என்ன எழுதியிருந்தது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அதை வாசித்தவர்கள் அவளும், உதவியாளர் யூலியாவும், பொலிசும்தான்.

வியாழக்கிழமைக்கு வருவோம்.

அன்று காலை ஜேசுரட்ணம் வந்து அழைப்பு மணியை அடித்தபோது விமலநாதன் கனடாவோடு கதைத்துக்கொண்டிருந்தார். அங்கே நடுச்சாமம். நல்ல செய்திக்கு நேரம் காலம் இல்லை என்பது அவருடைய வாதம்.

ஜேசுரட்ணம் இந்த ஊரில் பேருந்து ஓட்டியவர். கட்சிக் கிளையின் செயற்குழுவில் பல வருடமாக இருக்கிறார். ஞாயிறு பூசைக்குப் போகாமல் ஒரு ஞாயிறும் இருந்ததில்லை. கூட்டம் நடந்த அன்றும் முதல் பூசைக்குப் போய்விட்டுத்தான் மண்டபத்துக்கு வந்தார். தமிழ்ச் சனம் நிறைய வரும் என்பதால் அன்று வாசலில் நிற்கும் வேலை அவரிடம் கொடுக்கப்பட்டிருந்தது.

அந்த வேலை என்னவென்றால் இதுதான். கட்சியில் யாரும் உறுப்பினராக இருக்கலாம், எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்றாலும் பரவாயில்லை. ஆனால் சட்டமன்றத்துக்கு வேட்பாளரைத் தெரிவு செய்யும் வாக்கெடுப்பில் மட்டும் ஜெர்மன் பிரசைகள்தான் வாக்குப் போடலாம். உறுப்பினர் பட்டியலைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. எனவே வாசலில் ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் பார்த்துவிட்டுத்தான் வாக்குச் சீட்டைக் கொடுக்க வேண்டும்.

ஜேசுரட்ணம் அதில் கறார். கோயில் நிர்வாகத்தில் இருக்கிற சுகன்யாதேவி அட்டையை வீட்டில் விட்டுவிட்டு வந்தபோது, போய் எடுத்துக்கொண்டு வாருங்கோ என்று திருப்பி அனுப்பினார். அவர் இன்னும் ஜேசுரட்ணத்தோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

இப்போது விமலநாதன் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்ததும் ஜேசுரட்ணம் வந்த விஷயத்தைச் சொன்னார். கூட்டம் சட்டப்படி நடந்தது என்று உறுதிமொழி எழுதி மூன்று பேர் ஒப்பமிட்டு, நாளைக்குத் தேர்தல் கந்தோரில் கொடுப்பதாக ஏற்பாடு. மூன்று பேரில் அவரும் ஒருவர்.

"எல்லாற்றை அவுஸ்வைஸ் அட்டையையும் பார்த்தனான், அண்ணை. ரஞ்சினி அக்கான்ரையை மட்டும் பாக்கேல்லை. ஒருக்காக் காட்டினால் நான் மனச்சாட்சியோடை கையெழுத்து வைச்சிடுவன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். விமலநாதன் சிரிக்கவில்லை. பிறகு கதைக்கிறேன் என்று கனடாவை வெட்டிவிட்டு, தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது இப்படி. விமலநாதன் தன் வான் வண்டியில் வயதானவர்களை ஏற்றி இறக்கிக்கொண்டு திரிந்தார். அவருடைய மனைவி ரஞ்சினி, மகள் பேசுவதைப் பார்க்க என்று பச்சைச் சேலை உடுத்திக்கொண்டு வந்து வாசலில் வரிசையில் நின்றாள். பின்னால் விருந்தாளிகளுக்குப் போட்டிருந்த கதிரையில் போய் இருப்பதுதான் அவளுடைய எண்ணம்.

ஜேசுரட்ணம் கண்டார். வேட்பாளரின் தாய் வரிசையில் நிற்பதா? ஓடிவந்தார். நீங்கள் ஏன் அக்கா இதிலை நிக்கிறியள் என்று சொல்லி, சனத்தை விலக்கி, முன்வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போய் இருத்தினார். வாக்குச் சீட்டையும் பேனையையும் கையில் வைத்தார். அட்டை கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? ஊருக்கே பிரதிநிதியைப் பெற்றுத் தந்த தாயிடம், நீ யார் என்று காட்டு என்று கேட்கிற மாதிரி அல்லவா இருக்கும்.

ரஞ்சினி "எனக்கு வேண்டாம்" என்று சொன்னாள். சொல்லத்தான் செய்தாள். ஆனால் எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறதே, முதல் தரம் வேண்டாம் என்றால் அதை யாரும் வேண்டாம் என்று எடுப்பதில்லை. சோறு போடும்போதும் அப்படித்தான், தேநீர் கொடுக்கும்போதும் அப்படித்தான். மூன்றாம் தரமும் மறுத்தால்தான் மறுப்பு. ரஞ்சினி ஒரு தரம்தான் சொன்னாள். சுற்றிவரச் சனம் பார்த்துக்கொண்டிருந்தது. ஜேசுரட்ணம் போய்விட்டார்.

விமலநாதன் கடைசி வான் சனத்தோடு உள்ளே வந்தபோது மனைவி முன்வரிசையில் சீட்டோடு இருப்பதைக் கண்டார். கண்டும் பேசாமல் இருந்தார். அந்தச் சபையில் அவளை எழுப்பி வெளியே கூட்டிப்போனால் சனம் என்ன நினைக்கும் என்பதுதான் அப்போது அவருக்கு வந்த யோசனை.

ரஞ்சினி இப்போது தேநீரோடு வந்தாள். ஜேசுரட்ணம் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார். தட்டில் ரோல்ஸும் இருந்தது. வைத்துவிட்டு அறைக்குள் போனாள். நெடுநேரம் வெளியே வரவில்லை.

வந்தபோது கையில் அட்டை இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டு இருந்தது. அதை மேசையில், ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஜேசுரட்ணம் அதைத் தொடவில்லை. திறந்து பார்க்க அதில் ஒன்றும் இல்லை. வெளி மட்டையிலேயே எல்லாம் இருந்தது.

"இதுதான் தம்பி என்னட்டை இருக்கு," என்றாள் ரஞ்சினி. "வேறை ஒண்டும் நான் எடுக்கேல்லை."

விமலநாதன் பேசத் தொடங்கினார். மனைவி முப்பத்தைந்து வருடம் இந்த மண்ணில் இருக்கிறாள், முதியோர் இல்லத்தில் வேலை செய்து வரி கட்டியிருக்கிறாள், நிரந்தர வதிவிட உரிமை இருக்கிறது, கட்சிக்கு மாதாமாதம் சந்தா போகிறது என்று அடுக்கினார். எல்லாம் உண்மை. ஆனால் ஒன்றும் உதவாது. கடைசியில் குரலைத் தணித்து, நாங்கள் மூன்று பேரும் வாயைத் திறக்காவிட்டால் ஆருக்குத் தெரியப் போகுது என்று கேட்டார்.

ஜேசுரட்ணம் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"பிழை என்ரைதான், அண்ணை. அக்காவைக் கேக்க எனக்கு வாய் வரேல்லை. ஆனால் பொய்க் கையெழுத்து மட்டும் என்னாலை ஏலாது."

அந்த நேரம் தக்சாயினி டுசல்டோர்ஃபில், சட்டமன்றக் கூடத்தில் தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். மருத்துவிச்சிகளுக்கான தொழிற்பயிற்சி பற்றிய விவாதம். ஊரில் பிள்ளைப்பேற்றுப் பிரிவு போனதற்கு ஈடாக ஏதாவது கொண்டுவர வேண்டும் என்று மாதக்கணக்காக அவள் பாடுபட்டதன் பலன் அது. அப்பாவின் அழைப்பு மூன்றாம் தரமும் வந்ததைப் பார்த்து நடைவழிக்கு வந்தாள். யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்தாள்.

விமலநாதன் சுற்றி வளைத்துச் சொன்னார். சுகன்யாதேவியில் தொடங்கி, ஜேசுரட்ணத்தின் பிடிவாதத்துக்கு வந்து, கடவுச்சீட்டைக் கடைசியில் சொன்னார். அவளுக்கு விளங்க நேரம் எடுத்தது.

"அம்மாட்டை ஜெர்மன் பாஸ்போட் இல்லையோ?"

அப்பா மறுபடியும் ஜேசுரட்ணத்தின் பிடிவாதத்துக்கே போனார்.

பத்து வயதில் அவள் அப்பாவோடு நகர மண்டபத்துக்குப் போய்ப் பிரசாவுரிமை வாங்கினாள். அம்மாவும் வந்ததாகத்தான் நினைவு. யோசித்துப் பார்த்தால், அம்மா வாசலில் நின்று படம் எடுத்தாள். லண்டனில் நடந்த எந்தக் கலியாணத்துக்கும் அம்மா வந்ததில்லை. விமானம் ஏறினால் காது அடைக்குது என்பாள், விசா என்ற பேச்சை எடுத்ததே இல்லை. தேர்தல் நாளில் நான் தபாலிலை போட்டிட்டன் என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுவாள். நாட்டுச் சட்டங்களை வரி வரியாக வாசிக்கிற மகள், சொந்தத் தாயை ஒரு நாளும் கேட்கவில்லை.

சட்டமன்றக் கூடத்தின் மணி அடித்தது. போய்ப் பேசினாள். நன்றாகத்தான் பேசினாள், எதிர்க்கட்சி வரிசையில்கூட ஒன்றிரண்டு பேர் மேசையைத் தட்டினார்கள். இறங்கி வந்தபோது என்ன பேசினோம் என்பது அவளுக்கு நினைவில்லை.

காரை யூலியா ஓட்டினாள். விஷயத்தைக் கேட்டதும், அவசரப்பட வேண்டாம், வழக்கறிஞர் ஒருவரைக் கேட்போம், ஒரு வாக்குத்தானே என்று தொடங்கினாள். பிறகு அவளே நிறுத்திக்கொண்டாள். அந்த ஒரு வாக்கில்தான் வெற்றி நின்றுகொண்டிருந்தது.

தக்சாயினிக்கு இரண்டு வழியும் தெளிவாகத் தெரிந்தன. சொன்னால் தெரிவு செல்லாது. கூட்டத்தைத் திருப்பி வைப்பார்கள். டீட்மாரின் ஆட்கள் போன தரம் பாதிப்பேர் வரவில்லை, இந்தத் தரம் ஒருவர் தவறாமல் வருவார்கள். தோல்வி கிட்டத்தட்ட நிச்சயம். பத்து வருட உழைப்பு அதோடு முடியும். சொல்லாமல் விட்டு, ஜேசுரட்ணத்தின் இடத்தில் வேறு யாராவது ஒப்பமிட்டால் நாளைக்கே எல்லாம் அடங்கிவிடும். ஆனால் தேர்தலுக்குப் பிறகு ஒருநாள் வெளியே வந்தால், தமிழர்கள் கள்ள வாக்குப் போட்டு வென்றார்கள் என்று பத்திரிகை எழுதும். கல்லில் சுற்றிய கடதாசியை எழுதியவனுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? கோயிலுக்கும், கடைக்கும், பள்ளிக்கூடத்துக்கும் போகிற ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளையும் அதற்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

வீட்டுக்கு வந்தபோது ஜேசுரட்ணம் அதே கதிரையில் இருந்தார். தேநீர் ஆடை பிடித்துக் கிடந்தது. அவளைக் கண்டதும் எழும்பி நின்றார். மன்னிச்சுக்கொள் பிள்ளை என்றார். அவள் அவருடைய தோளைப் பிடித்து இருத்தினாள். அட்டை கேட்கவில்லை என்பதற்காக அவரைக் கோபிக்க அவளால் முடியவில்லை. அவளுமே கேட்டிருக்க மாட்டாள்.

விமலநாதன் கெஞ்சிப் பார்த்தார், சத்தம் போட்டும் பார்த்தார். உலகம் முழுக்கச் சொல்லிவிட்டேன், இனி எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவது என்று கேட்டார். உன்ரை பத்து வருசத்தை ஒரு துண்டுக் கடதாசிக்காகக் குப்பையில் போடப் போகிறாயா என்றும் கேட்டார்.

"அப்பா, நான் அங்கை இருந்து சட்டம் எழுதுறனான்," என்றாள் மகள். "எனக்கு மட்டும் அது இல்லையெண்டு என்னெண்டு சொல்லுறது?"

சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கட்சியின் மாவட்டத் தலைவிக்குத் தொலைபேசி எடுத்தாள். நடந்தது முழுவதையும் சொன்னாள். அம்மாவின் பெயரையும் சொன்னாள். தலைவி அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, நீயாக வந்து சொன்னது நல்லது, ஆனால் திருப்பி வாக்கெடுப்பு வைக்கத்தான் வேண்டும், தேதியைத் திங்கட்கிழமை சொல்கிறேன், அதற்கு முன் டீட்மாருக்கு நான் அறிவிக்க வேண்டும் என்றார். குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. நீ இன்னும் நிற்கிறாயா என்று கடைசியாகக் கேட்டார். நிற்கிறேன் என்றாள் தக்சாயினி.

அதோடு முடிந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். இனித் தோற்றாலும் நேராகத் தோற்கலாம் என்று ஒரு நிம்மதிகூட வந்தது. அம்மாவைத் தேற்ற வேண்டும் என்று குசினிக்குள் போனாள்.

ரஞ்சினி அடுப்பில் பருப்பு வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் கேட்கும் முன்னரே காரணத்தைச் சொன்னாள். வலிகாமம் வடக்கில் அவளுடைய சீதனக் காணி, கால் ஏக்கர் வரும் நாலு பரப்பும் வீடும். யாழ்ப்பாணத்துச் சீதனம் தாயிடம் இருந்து மகளுக்குப் போகும். இலங்கைப் பிரசாவுரிமையை விட்டால் காணியில் சிக்கல் வரும் என்று அந்த நாளில் எல்லாரும் சொன்னார்கள். காணியை இராணுவம் பிடித்து வைத்திருந்த காலத்திலும், வீடு இடிந்து தரைமட்டமான பிறகும், அவள் அந்தக் கடவுச்சீட்டுப் புத்தகத்தை விடவில்லை.

"உனக்கெண்டுதான் வைச்சிருந்தனான்," என்றாள்.

தக்சாயினி வாழ்நாளில் அந்தக் காணியைப் பார்த்ததில்லை. எனக்கு எதற்கு அம்மா நாலு பரப்பு என்று கேட்க வந்தது, கேட்கவில்லை. கிட்டப் போய்த் தாயின் முதுகில் கையை வைத்தாள்.

"நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லை. பிள்ளைக்கெண்டு ஒரு வாக்குப் போட்டியள். அதுக்கு ஆர் உங்களோடை கோவிக்கிறது?"

ரஞ்சினி அடுப்பை நிறுத்தினாள்.

"நான் உனக்குப் போடேல்லை."

"என்னம்மா?"

"அந்த மற்ற ஆளுக்குத்தான் போட்டனான். டீட்மாருக்கு."

தக்சாயினி கையை எடுத்துவிட்டாள். அம்மா விளங்காமல் மாறிப் போட்டுவிட்டாளோ என்று நினைத்தாள். அப்படி இல்லை என்பது ரஞ்சினியின் முகத்தைப் பார்க்கத் தெரிந்தது.

கூட்டத்துக்கு முந்திய வாரம் ரஞ்சினி மகளின் அலுவலகத்துக்குப் போயிருந்தாள். பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் யூலியாவுக்குச் சோறு கொண்டுபோவதும் அவளுடைய வழக்கம். யூலியா தபாலகத்துக்குப் போயிருந்த நேரம் தொலைபேசி அடித்தது. எடுத்தாள்.

"அவன் கத்தேல்லை, பிள்ளை. நல்ல மரியாதையாய்க் கதைச்சான். நீ எந்தக் கதவாலை வெளிக்கிடுறனி, காரை எங்கை விடுறனி, கண்ணாடி கல்லாலை உடைஞ்சது எண்டெல்லாம் சொன்னான். பிறகு, உங்களுக்கு இனிய நாளாக அமையட்டும் எண்டு சொல்லிப்போட்டு வைச்சவன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ எனக்குச் சொன்னியோ? பந்தெண்டாய்."

தாய் பயப்படுவாள் என்று மகள் ஒளித்தாள். மகள் பயப்படுவாள் என்று தாய் ஒளித்தாள். ஒரே வீட்டில் ஒரே பயத்தை இருவரும் தனித்தனியாக வைத்துக்கொண்டு சோறு சாப்பிட்டிருக்கிறார்கள்.

"நான் வேண்டாமெண்டு சொன்னனான். ஜேசுரட்ணம் அந்தத் துண்டைக் கையிலை வைச்சிட்டுப் போயிட்டார். பேரைப் பார்த்தன். நீ தோத்தால் அவங்கள் உன்னை விட்டிடுவாங்கள் எண்டு நினைச்சன். வேறை ஒண்டும் நான் யோசிக்கேல்லை." ரஞ்சினி அழத் தொடங்கினாள். "சண்டைக்குள்ளாலை, செல்லடிக்குள்ளாலை உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தது இதுக்கில்லை."

தக்சாயினிக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. எது முந்தி வந்தது என்று அவளுக்கே தெரியாது. மனதில் கணக்கு மட்டும் தானாக ஓடியது. தாய் போட்டது எதிராளிக்கு என்றால், அந்த வாக்கை எடுத்துவிட்டால் அவள் ஒன்றால் இல்லை, இரண்டால் வென்றிருக்கிறாள். நேர்மையாக வென்றிருக்கிறாள். ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? வாக்கு இரகசியம். வேட்பாளரின் தாய் மகளுக்கு எதிராகப் போட்டாள், ஆகவே கூட்டம் வேண்டாம் என்று சொன்னால் மாவட்டத் தலைவியே சிரிப்பார். உண்மை அவள் பக்கம்தான் இருந்தது. அதனால் அவளுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

தாயின் கண்ணைத் துடைத்துவிட்டாள். தன் கண்ணைத் துடைக்க மறந்துபோனாள்.

"திருப்பி வாக்கெடுப்பு வைக்கப் போகினம், அம்மா. நான் நிப்பன்."

"தெரியும்."

"அப்பவும் அவருக்குத்தான் போடுவியளோ?"

ரஞ்சினி மகளைப் பார்த்தாள்.

"எனக்குத்தான் வாக்கு இல்லையே, பிள்ளை."

குசினி வாசலில் ஏதோ சத்தம் கேட்டு இருவரும் திரும்பினார்கள். ஜேசுரட்ணம் போய்விட்டார் போலிருக்கிறது. அவர் குடிக்காமல் விட்ட தேநீர்க் கோப்பையைக் கழுவ எடுத்துக்கொண்டு வந்த விமலநாதன் அப்படியே நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. தொலைபேசிக்காரனைப் பற்றியும் பந்தைப் பற்றியும் கேட்டிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

முன் அறையில் அவருடைய தொலைபேசி அடித்தது. கனடாவாகத்தான் இருக்கும், அங்கே இப்போதுதான் விடிந்திருக்கும். அவர் போகவில்லை. அடித்து அடித்து அது தானாகவே ஓய்ந்தது.

அவர் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். காலையில் இருந்து மகளின் வெற்றியைப் பற்றியே ஓயாமல் கதைத்த மனிதர், இனி அவள் வெல்லத்தான் வேண்டுமா என்று யோசித்துக்கொண்டு நின்றார்.

அவருக்கு வாக்கு இருந்தது.